பேயும் பிணியும்

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நம் பிள்ளைகளின் கல்வியை இடைநிறுத்தும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விழைகிறோம். "பேய் பிடித்துவிட்டது" என்பதே அச்சொல்.

நம் உறவினருள் அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செல்வோர் உளர். தெற்கே புளியம்பட்டி அந்தோணியார் கோயில்வரை சென்று தங்குவோரும், சபைகளில் உபவாசமிருந்து விடுதலை ஜெபம் செய்வோரும் உளர். அவர்தம் நம்பிக்கையை இகழ்வது நம் நோக்கமன்று. துன்பம் வந்தபோது இறைவனை அழையாதார் யார்?

எனினும், கிறித்தவ மறை கூறுவதை முழுமையாக அறிதல் வேண்டும். மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் பிசாசு பிடித்த ஒருவன் வருகிறான். ஊருக்குப் புறம்பே, கல்லறைகளிடையே வாழ்கிறான். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தனர். இயேசுவோ கட்டவில்லை, அடிக்கவில்லை. அவன் பெயரைக் கேட்டார். தெளிந்தபின் அவனை அவன் வீட்டாரிடமே அனுப்பினார். ஊருக்குப் புறம்பே வைக்கப்படும் வேதனையை வழிவழியாய் அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

மத்தேயு நான்காம் அதிகாரம் பிசாசு பிடித்தோர், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என மூவகையினரைத் தனித்தனியே கூறுகிறது. நோயெல்லாம் பேயென மறையே கூறவில்லை. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றிப் பேயோட்டும் சடங்கை எவரும் நடத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு விதிக்கிறது. அதற்குமுன், வந்திருப்பது நோயன்று என உறுதிசெய்ய வேண்டும் என்பதும் அத்திருச்சபையின் போதனையே.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளைவது யாது? 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்த தனியார் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். சமயம் எதுவாயினும் சங்கிலி ஒன்றே. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுதலை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துள்ளது.

நம் பள்ளியில் நிகழ்ந்ததையும் மறைக்க விரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை இறைவணக்கத்தின்போது விழுந்து, வாயில் நுரை தள்ளினாள். பேயென்றனர். தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமைகள் உபவாச ஜெபம். பள்ளிக்கு வரவு இல்லை. தோழியரும் அவளருகே அமர அஞ்சினர். பிறர் நம்பிக்கையில் தலையிடலாமா எனத் தயங்கி நாமும் வாளாவிருந்தோம். அத்தயக்கம் நம் பிழையே. பின்னர் அவள் வீட்டுக்குச் சென்று பேசினோம். அவளுக்காக ஜெபித்த மூப்பரே முதலில் இசைந்து, அரசு மருத்துவமனைக்கும் உடன்வந்தார். மருத்துவர் வலிப்பு நோய் என்றார். நாள்தோறும் மாத்திரை, காலந்தவறாத உறக்கம், இவ்வளவே மருத்துவம். மறு ஆண்டு அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். மூப்பர் இன்றும் அவளுக்காக ஜெபிக்கிறார்; அவளும் மாத்திரையை விடவில்லை. இரண்டுக்கும் பகையில்லை.

இளைஞர்களே! உங்கள் தெருவில் ஒரு பெண் அழுதுகொண்டேயிருந்தால், ஓர் இளைஞன் உறங்காது தனக்குத்தானே பேசினால், முதலில் அவர்தம் பெயர் சொல்லி அழையுங்கள், துயரைக் கேளுங்கள். மணமான புதிதில் பேசமாட்டாத துயரும் பேயெனப் பெயர் பெறுவதுண்டு. ஜெபிப்போர் ஜெபிக்கட்டும், மருத்துவமனைக்கு நீங்கள் துணை செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. அடிப்பதையும், கட்டுவதையும், பட்டினி போடுவதையும் எவர் செய்யினும் தடுங்கள்.

கட்டவிழ்த்தலே விடுதலை. அதனை நம் தெருவில் தொடங்குவோம்.