சொல்ல வெட்கப்படும் சலக் கசிவு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருமவும் சிரிக்கவும் பயந்து, கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகாமல் நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சலம் கசிவதை வைத்தியரிடம்கூட நாம் சொல்வதில்லை. "பிள்ளை பெற்ற உடம்பு, வயதும் போகுது" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடத் தேவையில்லை. இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் பரிகாரமும் உண்டு.

இருமும்போதோ, தும்மும்போதோ, தண்ணீர் வாளி தூக்கும்போதோ கசிந்தால், சலப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கலாம். பிரசவம், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் என்பன அவற்றைத் தளர்த்துகின்றன. திடீரென அவசரம் வந்து, கழிப்பறைக்குப் போகுமுன் கசிந்தால், சலப்பை நிரம்புமுன்னரே சுருங்குகிறது. சிலருக்கு இரண்டும் உண்டு. கிருமித்தொற்று, நீரிழிவு, உடல்நீரை வெளியேற்றும் மாத்திரைகள் என்பனவும் காரணமாகலாம். ஆகவே முதலில் சலத்தையும் இரத்தத்தில் சீனியையும் சோதிக்கவேண்டும். சலத்தில் இரத்தம் கண்டால் நாள் கடத்தக்கூடாது.

தசைகளைப் பலப்படுத்தப் பயிற்சி உண்டு. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல அத்தசைகளை உள்ளிழுத்து, சில விநாடிகள் பிடித்துத் தளர்த்துவோம். மூச்சை அடக்கவேண்டாம். ஒரு வேளைக்கு 8 தடவையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்யவேண்டும். சமைக்கும்போதும் பஸ்ஸில் இருக்கும்போதும் செய்யலாம். சலம் கழிக்கும்போது செய்யவேண்டாம். அவசரம் உள்ளவர்கள் தேநீர், கோப்பியைக் குறைத்து, கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகலாம். இவற்றால் குணமாகாவிட்டால் மருந்தும் சத்திரசிகிச்சையும் உண்டு.

கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடியாமல் இருப்பது நம்மவர் வழக்கம். சலம் செறிந்து சலப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் வரும். கழிப்பறை சுத்தமில்லையென்று நாள்முழுக்கத் தண்ணீர் குடியாமல், அடக்கிக்கொண்டு இருக்கும் மாணவிகளுக்குக் கிருமித்தொற்று எளிதில் வரும்.

கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவிகளே, இந்த நூற்றாண்டில் நாம் தாய்க் கல்லூரிக்குச் செய்யும் பணிகளில், தண்ணீர் வசதியுள்ள சுத்தமான கழிப்பறைகளும் இடம்பெறட்டும். நமக்குக் கசிவு இருந்தால், அடுத்தமுறை வைத்தியரைக் காணும்போது அதை முதலில் சொல்வோம்.