நாய், பூனை உள்ள வீட்டை விற்கும்போது: என் அனுபவம்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் என்னை லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "சார், நம்ம வளாகத்தில் நாலு ஃபிளாட் விற்பனைக்கு இருக்கு. அதில் மூணு வீட்டில் நாய், பூனை. பார்க்க வர்றவங்க வாசலோட திரும்பிடறாங்களாம். நீங்க நாயோட வீட்டை வித்தவர், கொஞ்சம் பேசுங்க" என்றார். உடனே திருத்தினேன்: "வீட்டை மட்டும்தான் சார் விற்றேன், நாயை இல்லை." அந்த நாயை உங்களுக்குத் தெரியும். பி பிளாக் வாசலில் காலை நீட்டிப் படுத்திருக்கும், நீங்கள் தாண்டிப் போவீர்களே, அந்த மணிதான். வயது 14 ஆகிறது.

34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேச, கேட்டுத்தான் பழக்கம். இன்று பேச ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாமல் இருக்கலாம் என்பதுதான்.

மூன்று வருடம் முன்பு நங்கநல்லூரில் இருந்தோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் மனைவிக்கு மூட்டு வலி. மணிக்கும் இடுப்பில் வலி வந்து, படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவான். இரண்டு பேருக்காகவும்தான் வீட்டை விற்க முடிவு செய்தோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து நான் செய்த காரியம் இதற்கு நேர் எதிர்.

புரோக்கர் வந்து பார்த்தார். "சார், நாய் இருந்த வீடுன்னு தெரிஞ்சா விலை இறங்கும். எங்கேயாவது அனுப்பிடுங்க. கேட்டா இல்லைன்னு சொல்லிடலாம்" என்றார். நானும் மணியைச் செங்கல்பட்டில் இருக்கும் மைத்துனர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வீட்டை பினாயில் ஊற்றிக் கழுவி, மூலைக்கு மூலை வாசனை ஸ்பிரே அடித்து, சாம்பிராணியும் போட்டோம். ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கி, "ஏன் இவ்வளவு சென்ட் அடிச்சிருக்கீங்க?" என்றார். நான் ஏதோ சமாளித்தேன். திரும்பிப் போகும்போது கீழ் வீட்டுச் சிறுமி படியில் நின்று, "தாத்தா, மணி எப்ப ஊர்லேர்ந்து வரும்?" என்று கேட்டாள். "மணி யாரு?" என்றார் வந்தவர். சிறுமியே பதில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அவர்கள் மறுபடி வரவில்லை.

அன்று ராத்திரியே மைத்துனர் போன் செய்தார். மணி நாலு நாளாகச் சாப்பிடவில்லை, வாசல் கேட்டையே பார்த்துப் படுத்திருக்கிறான், டாக்டர் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார் என்று. காலையில் முதல் வேலையாகப் போய் அழைத்து வந்தோம். வண்டியில் என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. கணக்கு எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். என்றைக்காவது ஒருநாள் அதை எடுத்துச் சரிசெய்துதான் ஆக வேண்டும். நாயை மறைப்பதும் அப்படித்தான். அதனால் முதல் விஷயம்: வீட்டைச் சுத்தம் செய்யுங்கள், பிராணியை மறைக்காதீர்கள். இனி சுத்தம் செய்வது எப்படி என்று சொல்கிறேன்.

வாடை இருக்கிறதா என்று உங்கள் மூக்கைக் கேட்காதீர்கள். கூடவே இருப்பதால் அது பழகிப்போயிருக்கும். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் சொந்தக்காரர் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள். ஜன்னலையெல்லாம் இரண்டு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, பிறகு உள்ளே வரச் சொல்லுங்கள். எங்களுக்கு என் தங்கை வந்தாள். "பால்கனி மூலை, சோபா, ஹால் ஜன்னலுக்குக் கீழே" என்று கை காட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க அல்ட்ரா வயலட் டார்ச் கிடைக்கிறது. விலை அதிகமில்லை. இருட்டில் அடித்தால் பழைய சிறுநீர்க் கறை மங்கலாக ஒளிரும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

நாய், பூனையின் சிறுநீரில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது காய்ந்து உப்பு மாதிரி தரையில் தங்கிவிடும். வெறும் தண்ணீரிலோ சோப்பிலோ போகாது. வெயில் காலத்தில் சத்தம் போடாமல் இருந்துவிட்டு, காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வாடை கிளம்பும். இதற்கென்றே என்சைம் கிளீனர் என்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்கள். கறை முழுக்க நனையும்படி ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டு, பிறகு துடைக்க வேண்டும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். அவசரப்பட்டு உடனே துடைத்தால் காசுதான் வீண்.

செய்யக் கூடாதவை நாலு. ஒன்று, ஆசிட் ஊற்றாதீர்கள். எங்களுடையது பழைய மொசைக் தரை. மொசைக், மார்பிள் இரண்டையும் ஆசிட் அரித்துவிடும். இரண்டு, பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேலே போடாதீர்கள். சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். மூன்று, பூனை இருக்கும் வீட்டில் பினாயில் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய பீனால் பூனைக்கு விஷம். தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும், அப்படியே உள்ளே போய்விடும். நாலு, அந்துருண்டை. அலமாரி வாசனைக்கென்று அங்கங்கே போட்டு வைப்போம். நாய் தின்றாலும் ஆபத்து, பூனை தின்றாலும் ஆபத்து.

தரை சரியான பிறகுதான் மொசைக் பாலிஷ் போட வேண்டும். வாடையை உள்ளே வைத்துக்கொண்டு மேலே பாலிஷ் போடுவது, கணக்கு டேலி ஆகாமல் லெட்ஜரை மூடுவது மாதிரி. டைல்ஸ் தரையானால் இடுக்கில் இருக்கும் சிமென்ட்தான் ஈரத்தைக் குடிக்கும். அந்த இடங்களை மட்டும் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, முடி. ஃபேன் இறக்கை, ஏ.சி. ஃபில்டர், ஃபிரிட்ஜுக்குப் பின்புறம், பாத்ரூம் ஜாலி. இந்த நாலு இடத்தை மறந்துவிடுவோம். திரைச்சீலையைத் துவையுங்கள். நாய் படுத்த பழைய சோபாவைத் தேற்ற முடியாவிட்டால் தூக்கிப்போடுங்கள். எங்கள் சோபாவுக்குப் பழைய சாமான்காரர் 200 ரூபாய் கொடுத்தார். ஹால் பெரிதாகத் தெரிந்தது.

கதவு. எங்கள் வாசல் கதவின் உள்பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கீழே, பதினோரு வருடக் கீறல். நாங்கள் வெளியே போய்த் திரும்பும் சத்தம் கேட்டால் மணி அந்தக் கதவில்தான் முன்னங்காலைப் போடுவான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மக்கு அடைத்து, வார்னிஷ் அடித்தால் முக்கால்வாசி மறைந்துவிடும். ஆனால் உள்ளறைக் கதவுகளில் ஒன்று கீழே ஊறி உப்பியிருந்தது. மாற்றத்தான் வேண்டும். நான் மாற்றவில்லை. தச்சரிடம் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீடு பார்க்க வரும் நாள். "இரண்டு மணி நேரம் முன்னால் போன் செய்யாமல் யாரையும் கூட்டி வராதீர்கள்" என்று புரோக்கரிடம் கறாராகச் சொல்லுங்கள். நாயாக இருந்தால் ஒருவர் கயிறு போட்டு வெளியே அழைத்துப் போய்விட வேண்டும். உச்சி வெயிலில் வேண்டாம், தரை சுடும். பூனையை ஓர் அறையில் விட்டு, தண்ணீர், மண் தட்டு வைத்து, "உள்ளே பூனை இருக்கிறது, நாங்களே திறந்து காட்டுகிறோம்" என்று கதவில் ஒட்டுங்கள். வந்தவர் கதவைத் திறந்த நொடியில் பூனை மாடிப்படியில் ஓடி, கடைசியில் வீடு விற்பதை விட்டுப் பூனையைத் தேடிய குடும்பம் எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம், படுக்கும் இடம் இவற்றை முடிந்தவரை மாற்றாதீர்கள். வீடு கலைகிறது என்று அதற்கு நமக்கு முன்பே தெரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். எல்லாம் சுத்தம் செய்த பிறகு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வீடு மிகவும் பிடித்துவிட்டது. நாங்கள் கேட்ட விலைக்கும் ஒத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது அந்தப் பெண், "அங்கிள், இங்கே நாய், பூனை ஏதாவது இருந்ததா? பையனுக்கு வீசிங் உண்டு, அதான்" என்றாள். புரோக்கர் என் பின்னால் நின்று முதுகில் இடித்தார். வீடு அப்போது பளபளவென்று இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் பிராணிகளின் தோல் செதில், எச்சில் இவற்றிலிருந்து வரும் தூசு கண்ணுக்குத் தெரியாது. பிராணி போன பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். "இருந்ததும்மா, இப்பவும் இருக்கு. டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். அவர்கள் வாங்கவில்லை. புரோக்கர் ஒரு மாதம் என் போனை எடுக்கவில்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இங்கே அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் மூச்சை வைத்துப் பேரம் பேச முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. நாய் வளர்த்தது அதில் வருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல நமக்குச் சட்டம் வேண்டியதில்லை.

ஆறு வாரம் கழித்து, என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். இந்த முறை நானே ஆரம்பித்தேன். நாய் உண்டு, இந்த மூலையில் இன்னது செய்திருக்கிறோம், இந்தக் கதவு மாற்ற வேண்டும், இதோ தச்சர் எழுதிக் கொடுத்த கணக்கு, 11,500 ரூபாய் என்று காகிதத்தை நீட்டினேன். அவர் அந்த 11,500-ஐ மட்டும் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். காகிதம் இல்லாமல் இருந்தால், "நாய் இருந்த வீடு" என்ற ஒரே வார்த்தையில் லட்சக்கணக்கில் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். குறைக்குத் தொகை போட்டுவிட்டால் பயம் போய்விடும். அவர் வீட்டுக் கடன் வாங்கித்தான் வாங்கினார். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பரப்பளவு, கட்டிடத்தின் வயது, பிரிபடாத மனைப் பங்கு எல்லாம் பார்த்தார். மணியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படிவத்தில் நாய்க்குக் கட்டம் கிடையாது.

சில சில்லறை விஷயங்கள். மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இரண்டையும் வீட்டுப் பத்திரங்களோடு ஒரே ஃபைலில் வையுங்கள். புது இடத்துச் சங்கம் முதலில் அதைத்தான் கேட்கும். சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற கடிதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். வாங்க வருபவர் பிராணி வளர்ப்பவராக இருந்து, "இங்கே அனுமதி உண்டா?" என்று கேட்டால், தயங்காமல் உண்டு என்று சொல்லலாம். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதே சமயம் லிஃப்டிலும் படிக்கட்டிலும் அசுத்தம் ஆனால் துடைக்க வேண்டியது நாம்தான். வீடு பார்க்க வருபவர் முதலில் பார்ப்பது உங்கள் ஹாலை அல்ல, நம் படிக்கட்டை.

முடிக்கும் முன் ஒன்று. வீட்டைப் பதிவு செய்து கொடுத்தது ஜூலையில். ஐப்பசி முதல் மழை வந்ததும் எனக்கு மனம் அடித்துக்கொண்டது. ஈரம் ஏறினால் வாடை வருமே என்று நானே அவருக்குப் போன் செய்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பால்கனி மூலையில் லேசா இருக்கு சார், பரவாயில்லை" என்றார். மறுநாள் காலை மீதமிருந்த என்சைம் பாட்டிலை எடுத்துக்கொண்டு நங்கநல்லூர் போனேன். என் மனைவி, "விற்ற வீட்டைக் கழுவப் போகிற முதல் ஆள் நீங்கதான்" என்றாள். மண்டி போட்டு உட்கார்ந்து அந்த மூலையைச் சுத்தம் செய்தேன். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார். வரும்போது பார்த்தேன், வாசல் கதவில் நான் மறைக்காமல் விட்ட ஒரு கீறல் அப்படியே இருந்தது. அவர்களும் அதை ஒன்றும் செய்யவில்லை.

விற்பனைக்கு வைத்திருக்கும் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் என்னை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். டார்ச் என்னிடம் இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.