டம்ளரும் கையெழுத்தும்

(மயிலாப்பூரில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேலே இருக்கிறவர் சாதி பார்க்காமல் நடந்துகாட்டினால் கீழே இருக்கிறவர்களும் மாறிவிடுவார்கள் என்று இப்போது கம்பெனிகளில் வகுப்பு எடுக்கிறார்கள். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க. நல்லதுதான், யாரு வேணாம்னது? ஆனால் தலைமை நல்ல தலைமையாக இருந்தபோதே நமக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கணும்.

1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேருகிறார். படிக்க உதவித்தொகை கொடுத்தவரே மகாராஜா சாயாஜிராவ்தான். தீண்டாமை கூடாது என்று சொன்ன மன்னர். அவருடைய அலுவலகத்தில் பியூன் கோப்பைத் தூரத்திலிருந்து மேசைமேல் வீசுகிறான். குடிக்கத் தண்ணீர் கிடையாது. தங்கியிருந்த பார்சி விடுதிக்குத் தடியோடு வந்து வெளியேற்றுகிறார்கள். மன்னர் அரண்மனையில் இருக்கிறார். பியூன் பக்கத்திலேயே இருக்கிறான்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். தி.நகரில் ஒரு அலுவலகத்தில் நான் பல வருசம் குமாஸ்தா. பேர் வேண்டாம். அங்கே பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கு ஒரு கண்ணாடி டம்ளர் தனியாக, ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கும். மத்தவங்களுக்கெல்லாம் எவர்சில்வர். புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் நேராகப் போய் அந்த டம்ளரை எடுத்து, கழுவி, அதிலேயே காபி வாங்கிக் குடித்தார். ஆபீசே அசந்துபோச்சு. ஒரு வருசம் டம்ளர் பிரச்சினையே இல்லை. அவர் மாற்றலாகிப் போனார். அடுத்த வாரம் டம்ளர் திரும்ப ஜன்னலுக்கு வந்துவிட்டது.

பிறகு சங்கத்தில் பேசி, சண்டை போட்டு, கேன்டீன் கமிட்டியில் அந்த அம்மாவையே உறுப்பினராகப் போட வைத்தோம். பால் கணக்கு, சர்க்கரைக் கணக்கு அவங்க பார்க்கணும். பில்லில் அவங்க கையெழுத்து இல்லாமல் பணம் பட்டுவாடா ஆகாது. "எனக்கு எழுதப் படிக்க வராதேப்பா"ன்னாங்க. "பேரு மட்டும் எழுதக் கத்துக்கோங்கக்கா, போதும்"னோம். மூணு மாசத்தில் அந்தக் கண்ணாடி டம்ளர் எங்கே போச்சுன்னே தெரியலை. யாரும் மனசு மாறலை, தோழர்களே. பால்காரனுக்குப் பணம் போகணுமே!

மேலிருந்து காட்டுகிற முன்மாதிரி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2014 ஏப்ரலில் மவுண்ட் ரோடு 'தி இந்து' நாளேட்டில், அலுவலக கேன்டீனுக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது, பெரும்பான்மை சைவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று நிர்வாகமே சுற்றறிக்கை விட்டது. ஒரு தாள். யார் வீட்டுச் சாப்பாடு அசிங்கம் என்பதைச் சொல்ல அது போதும்.

இப்போது இந்த மயிலாப்பூருக்கே வருவோம். 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது அமைச்சர்கள் மொத்தம் எட்டே பேர். அதில் இந்து அறநிலையத் துறையை பி. பரமேசுவரனிடம் கொடுத்தார். தலித். கோயில் நுழைவுச் சட்டம் வந்து ஏழு வருசம்தான் ஆகியிருந்தது. உள்ளே விடலாமா என்று யோசித்தவர்கள், இனி அவரிடம் மனு கொடுக்கணும். காமராசரைக் கொண்டாட நான் வரவில்லை. அவர் ஆட்சியில்தான் 1957இல் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆனாலும் அந்த நியமனத்தின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. சாவியைக் கொடுத்தார்.

2021 ஆகஸ்ட் 14. கபாலீசுவரர் கோயில் திருமண மண்டபம், ராஜா அண்ணாமலைபுரம். அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் படித்த 24 பேருக்கு முதலமைச்சர் ஸ்டாலின் அர்ச்சகர் பணி ஆணை கொடுத்தார். அவர்களில் தலித்துகளும் உண்டு. படிப்பை முடித்துப் பதிமூன்று வருசம் காத்திருந்தவர்கள். எனக்கும் அன்று சந்தோசம்தான். ஆனால் ஆணை மேடையில் கிடைத்தது, வேலை கருவறையில் அல்லவா? திருச்சி பக்கம் குமாரவயலூர் முருகன் கோயிலில் நியமிக்கப்பட்ட இருவர், எங்களை உள்ளே பூசை செய்ய விடவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 2023இல் மதுரைக் கிளை அவர்கள் நியமனமே செல்லாது என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. முதலமைச்சர் நல்லதைச் செய்துகாட்டினார். முறை போடுகிற நோட்டு பழைய ஆட்கள் கையிலேயே இருந்தது.

அப்படியானால் நாற்காலி கிடைத்தால் போதுமா? அதுவும் இல்லை. சென்னைக்கு முதல் தலித் மேயர் 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. முதல் தலித் பெண் மேயர் 2022இல் ஆர். பிரியா. பெருமைதான். 2025 ஆகஸ்டில் அதே ரிப்பன் மாளிகை வாசலில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விடாதே என்று தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம்ம பெண்கள். நள்ளிரவில் போலீசை வைத்துத் தூக்கினார்கள். உள்ளே நாற்காலியில் நம்ம பெண். ஒப்பந்தத்தை முடிவு செய்தது யார் கை? அந்த மேயரைத் திட்டுவது சுலபம். நான் திட்டவில்லை. நாற்காலியோடு அதிகாரத்தையும் சேர்த்துத் தந்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

அதனால் மேலதிகாரி நல்லவரா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேர்முகத் தேர்வுக் குழுவில் யார் உட்காருகிறார்? ரகசிய அறிக்கை யார் எழுதுகிறார்? விடுப்பு, மாற்றல், கொள்முதல் யார் மேசையில் இருக்கு? படிக்கிற தோழர்கள், விடுதி மெஸ் கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால், இடஒதுக்கீட்டு ரோஸ்டரைச் சரிபார்க்கத் தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்கணும், வருசா வருசம் பதிவேட்டைத் திறந்து பார்க்கணும் என்பது விதி. அடையாறில், பெசன்ட் நகரில் இருக்கிற மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கிற தோழர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கீங்க. உங்க அலுவலகத் தொடர்பு அலுவலர் யாரு? பேரு தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்.