கடற்கரை வீடுகளில் எரிவாயு அடுப்பு



சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் வழியாகக் கற்பிட்டி முனை வரையில் கடலையும் களப்பையும் அண்டி வாழும் மக்களின் அடுக்களையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். தென்னை செழித்த பூமி இது. சிரட்டையும் பொச்சும் பாளையும் மட்டையும் வீட்டு முற்றத்திலேயே கிடைப்பதால், இங்கு விறகுக்குப் பஞ்சம் ஏற்பட்டதில்லை. ஆயினும், புகையில் கண் கசங்கிய தாய்மார்கள் எரிவாயு அடுப்பை விரும்பி ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. இன்று கல்வீட்டிலும் கிடுகு வீட்டிலும், மீன்பிடி வாடியிலுங்கூட, பெரியதோ சிறியதோ ஒரு சிலிண்டர் நிற்கிறது. 12.5 கிலோகிராம், 5 கிலோகிராம் என அளவுகள் வேறுபடலாம்; உள்ளே இருக்கும் பொருளின் இயல்பு ஒன்றே.

அப்பொருள் யாது? புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களை அமுக்கித் திரவமாக்கிய கலவை. அமுக்கம் நீங்கியவுடன் அத்திரவம் ஆவியாகி ஏறத்தாழ 250 மடங்கு பருமனாக விரிகிறது. இவ்விரண்டு வாயுக்களும் காற்றைவிடப் பாரமானவை. புரொப்பேன் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமுடையன. எனவே கசிந்த வாயு, புகையைப்போல மேலெழுந்து கூரையிடுக்கால் வெளியேறிவிடும் என்று நினைப்பது தவறு. அது நீரைப்போலத் தரையில் பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். அலுமாரியின் அடியிலும் கதவின் பின்புறத்திலும் கழிவுநீர் வாய்க்காலிலும் அது கிடக்கும்.

காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு வாயு கலந்தாலே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நீளமும் அகலமும் மும்மூன்று மீற்றர் கொண்ட ஒரு சமையலறையில், வாயு முழங்கால் உயரத்துக்குத் தரையோடு பரவி நிற்கிறது என்று கொள்வோம். அந்தப் படலம் தீப்பற்றும் நிலையை அடைவதற்கு 200 கிராம் வாயு போதும். அணைந்துபோன ஓர் அடுப்பு வாய், திறந்தபடியே ஒரு மணி நேரம் கிடந்தால் அவ்வளவு வாயு வெளியாகிவிடும். சிலிண்டர் வெடித்தது என்று நாம் பொதுவாகச் சொல்லும் விபத்துகளிற் பலவற்றில், உருக்காலான சிலிண்டர் வெடிப்பதில்லை. அறையில் தேங்கிய இந்த வாயுவே வெடிக்கிறது.

இவ்விடத்தில் 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களை நினைவூட்டுதல் பொருத்தமாகும். அந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலும் சமையலறைகளில் வெடிப்புகள் நேர்ந்தன. கண்ணாடி மேற்றட்டுக் கொண்ட அடுப்புகள் சிதறின. மக்கள் அஞ்சிச் சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்தனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் எண்மர் அடங்கிய குழுவொன்றை ஜனாதிபதி நியமித்தார். வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையே விபத்துகளுக்கு முக்கிய காரணம் என்று அக்குழு கண்டது. புரொப்பேன் 20, பியூட்டேன் 80 என்ற அளவை ஒட்டியிருந்த கலவை, இரண்டும் ஏறத்தாழ சரிபாதி என்னும் நிலைக்கு மாறியிருந்தது.

விகிதம் மாறினால் என்ன என்று கேட்பீர்கள். நமது வெப்பநிலையாகிய 30 பாகையில், பியூட்டேன் காற்றமுக்கத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அமுக்கத்தையே உண்டாக்கும். புரொப்பேனோ பத்து மடங்குக்கும் மேலான அமுக்கத்தை உண்டாக்கும். எனவே புரொப்பேன் கூடிய சிலிண்டரினுள் அமுக்கம் முன்னையிலும் ஒன்றரை மடங்களவு உயர்ந்துவிடும். சிலிண்டர் அதைத் தாங்கும். ஆனால் வாயிலில் இருக்கும் தேய்ந்த இறப்பர் வளையமும், ஆண்டுக்கணக்காய் மாற்றாத குழாயும், தளர்ந்த கௌவியும் அதே உறுதியுடன் தாங்குமென்று எதிர்பார்க்க முடியாது. கலவையைச் சரியாகப் பேணுவது விற்பவரின் கடமை. அதைக் குடும்பப் பெண்ணின் தலையில் சுமத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எனினும், வளையமும் குழாயும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டியவர் நாமே.

அடுத்த ஆண்டாகிய 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் அமிழ்ந்தபோது, எரிவாயு கிடைக்காமல் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களோடு வரிசையில் நின்றனர். விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. வாயு திரும்பக் கிடைத்த பின்னரும் பலர் விறகடுப்பைக் கைவிடவில்லை. விலையை எண்ணி இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். சோற்றுக்கு விறகு, தேநீருக்கு வாயு என்பது சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் ஒரே அறையில் இரண்டையும் வைப்பது பேராபத்து. தணல் தரையோடு கிடக்கிறது. கசியும் வாயுவும் தரையோடே ஊர்ந்து வருகிறது. இரண்டும் சந்திப்பதற்கு வேறெவரும் தீக்குச்சி உரைக்க வேண்டியதில்லை. விறகடுப்பு வெளிக்கொட்டிலில் இருக்கட்டும். அல்லது சிலிண்டரைச் சுவருக்கு வெளியே நிழலில் நிறுத்திக் குழாயை உள்ளே கொண்டுவரலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, கவனமாக இருப்போம் என்று சொல்வது போதாது.

இனி, இக்கரைக்கே உரிய இரண்டு சங்கதிகளுக்கு வருவோம். ஒன்று காற்று, மற்றது உப்பு.

மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று வீசுவதைக் கற்பிட்டியார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கடற்காற்றைத் தேடி வெளிநாட்டார் பட்டம் பிடித்து நீரில் சறுக்க வரும் காலமும் அதுவே. வீட்டுப் பெண்களுக்கோ அது மணல் வந்து சோற்றில் விழும் காலம். ஆகவே யன்னலையும் கதவையும் இறுக மூடிவிடுகிறோம். மூடிய அறைக்குள்ளும் ஓட்டிடுக்கால் திடீரென்று நுழையும் ஒரு வீச்சு, சிறு தீயில் வைத்த அடுப்பை ஊதி அணைத்துவிடுகிறது. சுவாலை இல்லை, வாயு வந்துகொண்டே இருக்கிறது, யன்னலும் மூடியிருக்கிறது. இதைவிட மோசமான சேர்க்கை வேறில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்து யன்னலைத் திறந்து வையுங்கள். கதவின் அடியில் தரைமட்டத்தில் சிறு வழி விடுங்கள். அடுப்பைச் சுற்றித் தகரத்தை வளைத்து மறைப்புக் கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தகரத்தை அடுப்போடு நெருக்கி வைத்தால் வெப்பம் திரும்பிக் குழாயைச் சுடும். எனவே மூன்று புறமும் அடைக்காமல், காற்று வரும் பக்கத்தில் மட்டும், சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். புதிய அடுப்பு வாங்குவோர், சுவாலை அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் பொறி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அடுப்பு வாயின் அருகே ஒரு சிறு உலோகக் கூர் நீட்டிக்கொண்டிருக்கும். தீயின் சூட்டில் அது நுண்ணிய மின்னோட்டத்தை உண்டாக்கி வாயுவின் வழியைத் திறந்து பிடிக்கிறது. தீ அணைந்து கூர் ஆறியதும் வழி மூடிக்கொள்கிறது. விலை சற்றே கூடும். இக்கரைக்கு அது ஆடம்பரமன்று.

கிடுகு வீட்டில் வாயு தேங்காது என்று சிலர் வாதாடுவார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. கிடுகின் இடுக்குகளால் வாயு கலைந்து போகும். ஆனால் அதே கிடுகு, தாச்சியில் எழும் ஓர் எண்ணெய்ச் சுவாலைக்கு ஈடுகொடாது. ஆதலால் அத்தகைய வீடுகளில் அடுப்புக்குப் பின்னும் மேலும் தகரம் அடித்து, ஓலை தீயை நெருங்காமல் செய்தல் வேண்டும். தாச்சி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றிய நீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரைக்கே எறிந்துவிடும். அடுப்பை நிறுத்தி, பொருத்தமான மூடியால் மூடி, ஆறும்வரை திறவாது விடுங்கள்.

உப்பின் வேலை மெதுவானது. புத்தளம் உப்பளங்களின் பக்கத்தில் இரும்புக் கம்பி எவ்வளவு விரைவில் பொரிந்து உதிர்கிறது என்பதைக் கண்டிருப்பீர்கள். சிலிண்டரின் அடிவளையம், அழுத்தச் சீராக்கியின் உள்ளிருக்கும் சுருள்வில், குழாயைப் பிடிக்கும் கௌவி ஆகிய மூன்றையும் அது அரிக்கிறது. ஈரச் சீமெந்துத் தரையில் சிலிண்டரை நேரே வைக்காமல் ஒரு பலகைமேல் வையுங்கள். கௌவி துருப்பிடியாத உருக்கினால் ஆனதாக இருக்கட்டும். குழாயும் சீராக்கியும் எஸ்.எல்.எஸ். குறி உடையவையா என்று பார்த்து வாங்குங்கள். குழாயை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுங்கள். வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும் குழாய், எலி கடித்த அடையாளம் உள்ள குழாய் ஆகியவற்றுக்கு நாள் பார்க்க வேண்டாம். புதுச் சிலிண்டர் வந்ததும் வாயிலின் இறப்பர் வளையம் உள்ளதா, முழுமையாக இருக்கிறதா என்று நோக்குங்கள். அடிவளையம் தின்னப்பட்ட சிலிண்டரைக் கடைக்காரர் தந்தால் வாங்க மறுப்பது உங்கள் உரிமை.

கசிவை அறியச் சவர்க்கார நுரை போதும். வாயில், சீராக்கி, குழாயின் இரு முனைகள் ஆகியவற்றில் நுரையைத் தடவி வாயுவைத் திறந்தால், கசியும் இடத்தில் குமிழி எழும். தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். அதை எக்காலத்திலும் செய்யாதீர்கள்.

உப்பைப் பற்றி இன்னொன்று. தீ நீலமாக எரிய வேண்டும், மஞ்சளானால் பழுது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது சரியே, ஆனால் கடற்கரையில் ஒரு திருத்தம் வேண்டும். உப்பில் அடங்கிய சோடியம் தீயில் பட்டால் மஞ்சள் ஒளி தரும். உப்பு நீர் பொங்கி வழிந்த அடுப்பிலும், உப்புக் காற்று வீசும் நாளிலும், நீலச் சுவாலைக்குள் மஞ்சட் பொறிகள் மின்னி மறைவதுண்டு. அதனால் கேடில்லை. சுவாலை முழுவதும் மஞ்சளாகி, நீண்டு, சோம்பலாக ஆடி, சட்டியின் அடியில் கரி படிந்தால் அதுவே பழுது. காற்று போதாமல் வாயு அரைகுறையாக எரிகிறது என்பது பொருள். அவ்வேளை உண்டாகும் கார்பனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் அது தலையிடியையும் குமட்டலையும் தந்து, ஈற்றில் உயிரையும் வாங்கிவிடும். பெரும்பாலும் காரணம் அற்பமானது: அடுப்பு வாயின் துளைகளில் வழிந்த கஞ்சி, அல்லது அடியிலுள்ள காற்றுத் துவாரத்தில் சிலந்தி கட்டிய கூடு. அடுப்பு ஆறியபின் ஊசியாலும் உலர்ந்த தூரிகையாலும் இவற்றை நீக்கலாம். சீராக்கியை மாத்திரம் வீட்டில் கழற்றித் திருத்த முயலாதீர்கள்.

மாதக் கடைசியில் வாயு மெலிந்ததும் சிலிண்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து எரிப்பவர் உண்டு. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் பாயக்கூடும். அது அடுப்பில் 250 மடங்காய் விரிந்தால் விளைவை ஊகித்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிப்பது ஒரு கேத்தல் தேநீருக்கான வாயு.

எரிவாயுவுக்கு இயல்பான மணமில்லை. நாம் உணரும் அழுகிய நாற்றம், எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படும் மேர்கப்டன் என்னும் பொருளினுடையது. நெடுநேரம் முகர்ந்தால் மூக்கு பழகி உணராது போகும்; கருவாடு காயும் முற்றத்தில் அந்த நாற்றம் மறைந்தும் போகலாம். ஆகையால் ஐயம் வந்த உடனே செயற்படுங்கள். மின்னாளியைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். கைத்தொலைபேசியை உள்ளே பாவிக்க வேண்டாம். சீராக்கியை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அயலில் விறகடுப்பும் விளக்கும் எரிந்தால் அணைக்கச் சொல்லுங்கள்.

சிலிண்டரின் வாயிலிலேயே தீப்பிடித்துவிட்டால், நெருங்க முடியுமானால், நனைத்த சாக்கைப் போர்த்தி வாயுவை நிறுத்துங்கள். நிறுத்த முடியாத இடத்தில் தீயை மட்டும் அணைப்பது அறிவன்று. எரியாத வாயு அறையை நிரப்பி மீண்டும் வெடிக்கும். அப்போது எல்லாரும் தூர விலகி, 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரம். உதவி வரும்வரை அக்கம்பக்கத்தாரே காவல் என்பதால், நான் சொன்னவற்றை வீட்டில் ஒருவர் மட்டுமன்றிப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நன்று.

தீப்பட்ட உடலில் பற்பசையோ தேங்காயெண்ணெயோ பூசாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மெல்ல மூடி, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய நோயாளர் வண்டியை அழையுங்கள். அழைப்புக்கும் வண்டிக்கும் கட்டணம் இல்லை.