இரண்டு விரல் வைத்து அட்டெண்டன்ஸ்

 

"உங்க வேலையைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் வேலை ஜி.டி.பி. சம்பந்தப்பட்டது என்று சொன்னால், வீட்டிலேயே நாட்டின் உற்பத்திக் கணக்கு என்றுதான் நினைக்கிறார்கள். இது வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய டீபக்கர். ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் கருவி. அதை அடிப்படையாகக் கொண்டு எங்கள் கம்பெனி வைத்திருக்கும் டீபக்கரில்தான் எனக்கு உத்தியோகம்.

ஒரு புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல த்ரெட்டுகள் ஓடும். டீபக்கர் அவற்றை ஒரு பட்டியலில் வைத்திருக்கும். எதைச் செய்வதானாலும் அந்தப் பட்டியலை வரிசையாகச் சுற்றி வர வேண்டும். நம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான்.

பழைய முறையில் இதற்கென்று ஒரு ஃபங்ஷன் உண்டு. அதனிடம் இன்னொரு ஃபங்ஷனைக் கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதைக் கூப்பிடும். பூஜ்யம் திரும்பி வந்தால் "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்று அர்த்தம். வேறு எண் வந்தால் "தேடின ஆள் கிடைச்சாச்சு, நிறுத்து" என்று அர்த்தம். 2017-இல் வந்த 8.0 பதிப்பு முதல் ஜி.டி.பி.க்கு சி++11 கட்டாயமானது. 2018-இல், சாதாரண 'ஃபார்' லூப்பிலேயே த்ரெட்டுகளைச் சுற்றி வரும் வசதி சேர்ந்தது. படிக்க எளிது. எங்கள் கருவியிலும் அப்படியே மாற்ற முடிவு செய்தோம்.

மாற்றி எழுதியவர் நம் கல்லூரித் தம்பி ஒருவர், வேலையில் சேர்ந்து ஆறு மாதம். சரிபார்க்க வேண்டியவன் நான். மொத்தம் 38 இடங்கள். முதல் பத்தை வரி வரியாகப் படித்தேன். எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் சரி. மீதியை, உண்மையைச் சொல்கிறேன், கண்ணால் தடவிவிட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

ஓர் இடத்தில் பழைய 'பூஜ்யம் திருப்பு' என்பது 'கன்டின்யூ' ஆகியிருக்க வேண்டும். தம்பி 'ரிட்டர்ன்' என்று விட்டிருந்தார். முதல் த்ரெட்டைப் பார்த்ததுமே லூப் முடிந்துவிடும். எங்கள் சோதனைப் புரோகிராமில் இருந்ததோ ஒரே த்ரெட்! ஒரே மாணவன் உள்ள வகுப்பில் முதல் பேரோடு நிறுத்தினால் என்ன, கடைசி வரை கூப்பிட்டால் என்ன? சோதனை பாஸ்.

மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். அவர் புரோகிராமில் 12 த்ரெட்டுகள். "எல்லாவற்றையும் நிறுத்து" என்றால் ஒன்றுதான் நின்றது; பதினொன்று ஓடிக்கொண்டே இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதிப்புகள் மாறின. தன் புரோகிராமில்தான் தப்பு என்று நாலு நாள் தூங்காமல் தேடியிருக்கிறார் மனிதர். தப்பைக் கண்டுபிடிக்கும் கருவியே பொய் சொன்னால் அவர் எங்கே போவார்?

மீட்டிங்கில் "யார் எழுதினது?" என்று கேட்டார்கள். தம்பி எழுந்து நின்றார். ஒப்புதல் கொடுத்தவன் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை அதே ஆட்களைக் கூட்டி, "அவன் எழுதினான், நான் படிக்காமலே படிச்சேன்னு சொன்னேன், தப்பு என்னுது" என்றேன். ஒரு நாள் தாமதமாகச் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

பிறகு இருவரும் உட்கார்ந்து 38 இடங்களையும் மறுபடி படித்தோம். தம்பியே இன்னொன்றைக் கண்டுபிடித்தார். "அண்ணா, இந்த லூப்புக்குள்ளயே முடிஞ்சுபோன த்ரெட்டைப் பட்டியல்லருந்து நீக்குறோமே, அப்ப அடுத்ததுக்கு எப்படிப் போகும்?" என்றார். பேர் கூப்பிடும்போதே பையன் பின் கதவு வழியாகப் போய், அவன் பேரையும் அடித்துவிட்டால், அந்தப் பேர் மேல் விரல் வைத்திருந்த ஆசிரியருக்கு இடம் தவறிவிடும். பழைய ஃபங்ஷன் அடுத்த பேரிலும் ஒரு விரலை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும். புது லூப்பில் அந்த இரண்டாவது விரல் இல்லை. ஜி.டி.பி.யில் இதற்கென்றே பாதுகாப்பான சுற்று தனியாக உண்டு. அதுவும் முழுக் காப்பு இல்லை: அடுத்த பையனும் சேர்ந்தே ஓடிவிட்டால் இரண்டு விரலும் பயன்படாது.

இப்போது எந்த லூப்பை மாற்றினாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். பழையது எங்கே நின்றது, புதியது எங்கே நிற்கிறது? சுற்றும்போது பட்டியலில் யாராவது காணாமல் போவார்களா? ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட்டோடு சோதித்தோமா?

மாணவத் தம்பி தங்கைகளே, ஒருவர் வேலையின் கீழ் "பார்த்தேன், சரி" என்று கையெழுத்துப் போட்டால் அதில் பாதி உங்கள் வேலை. பாராட்டு வரும்போது அவரை முன்னே விடுங்கள். திட்டு வரும்போது நீங்களும் கூடவே எழுந்து நில்லுங்கள். இந்த வகுப்பறையில் ப்ராக்ஸி கொடுத்துத் தப்பித்தவன் நான். அங்கே அது செல்லவில்லை.