நரம்பிசையின் ஒலிக் களஞ்சியம்

களஞ்சியம் என்றதும் உழவனுடைய வீடும், அங்கே சேர்த்து வைக்கப்பட்ட நெல்லுமே மனக்கண் முன் தோன்றும். விளைந்த காலத்திற் சேர்த்து வைத்து, வேண்டிய காலத்தில் எடுத்து ஆளுவதற்கு உதவுவது களஞ்சியம். நெல்லைச் சேர்ப்பது போல இசையொலியையும் சேர்த்து வைத்தல் கூடுமா? வயலின், வியோலா, செலோ, டபிள் பேஸ் ஆகிய நரம்புக் கருவிகளின் ஒலியை ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து, பின்னர் இசையமைப்பாளர் தம் மேசையிலிருந்தவாறே அச்சுரங்களைக் கோத்துப் பெரியதொரு வாத்தியக் குழுவின் இசையை உண்டாக்குதல் இயலுமா? இயலும் என்பதைக் கடந்த முக்கால் நூற்றாண்டு முயற்சிகள் காட்டியுள்ளன. அது எவ்வாறு இயன்றது என்பதும், அதனால் வாசிப்போருக்கு நேர்ந்தது யாது என்பதும் ஆராயத்தக்கன.

மேனாட்டுச் சங்கீதத்தில் நரம்புக் கருவிகளே வாத்தியக் குழுவின் முதுகெலும்பு. முழுமையான குழுவொன்றில் ஐம்பது அறுபது பேர் இக்கருவிகளை மாத்திரம் வாசிப்பதுண்டு. அத்தனை பேரையும் ஒரு மண்டபத்திற் கூட்டி, ஒரு நாள் வாசிக்கச் செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டும். இதனால், தாம் எழுதிய இசை எவ்வாறு ஒலிக்கும் என்பதை ஒரு முறையேனும் காதாற் கேளாமலே காலங்கழித்த இசையமைப்பாளர் பலர். இக்குறையைத் தீர்க்கும் வேட்கையே ஒலிக் களஞ்சியத்துக்கு வித்தாயிற்று.

முதல் முயற்சி காந்த நாடாவைக் கொண்டு நிகழ்ந்தது. அமெரிக்காவில் ஹரி சேம்பர்லின் என்பவர் 1940களின் இறுதியில், ஒவ்வொரு சுரக்கட்டையின் கீழும் ஒரு சுரம் பதியப்பட்ட நாடாத் துண்டை வைத்து ஒரு கருவியை ஆக்கினார். அதனை அடியொற்றி 1963 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே மெலோட்ரோன் என்னும் கருவி தோன்றியது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டுச் செக்கன் ஒலிக்கும். விரலை எடுத்தால் நாடா தொடக்கத்துக்கு மீளும். 1967 இல் பீற்றில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபோரெவர்' என்னும் பாடலின் தொடக்கத்தில் எழும் புல்லாங்குழலோசை இக்கருவி தந்ததே. எனினும், எட்டுச் செக்கனுக்கு மேல் ஒரு சுரத்தை நீட்ட முடியாமையும், மென்மையாக அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஒரே ஒலி பிறத்தலும் அதன் பெருங் குறைகளாயிருந்தன.

அடுத்த படி எண்முறைப் பதிவு. ஒலியலையின் உயரத்தை மிகச் சிறிய கால இடைவெளிகளில் அளந்து, அவ்வளவுகளை எண்களாகச் சேமிப்பதே இம்முறை. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே உணரும். அதனைப் பிழையின்றிப் பதிவதற்கு அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளத்தல் வேண்டும். இக்காரணம் பற்றியே இசைத்தட்டுக்குச் செக்கனுக்கு 44,100 அளவுகள் என வகுக்கப்பட்டது. 1979 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவான ஃபெயார்லைற் என்னும் கருவி இம்முறையை இசைக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒன்று. 1983 இல் மிடி எனப்படும் பொது ஏற்பாடு வந்தபின், விரல் அழுத்தும் வன்மையையும் எண்களாக அனுப்ப முடிந்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரேயொரு சுரத்தைப் பதிந்து, அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஏனைய சுரங்களையெல்லாம் பெறலாகாதா? ஆகாது. வயலினின் மரவுடலுக்கு அதற்கேயுரிய ஒத்ததிர்வுகள் உள. சுரம் மாறினும் அவை மாறுவதில்லை. பதிந்த ஒலியின் வேகத்தைக் கூட்டும்போது சுரத்தோடு மரவுடலின் ஒத்ததிர்வும் உயர்ந்துவிடும். விரலின் நடுக்கமும் விரைந்துவிடும். வயலின் சிறுத்துப் பொம்மையாகிவிட்டது போன்ற ஓசையே எஞ்சும். ஆகவே ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வாசித்துப் பதிதல் இன்றியமையாதது.

அவ்வேலையின் பருமனைச் சிறு கணக்கினால் உணரலாம். வயலின் பகுதிக்கு நாற்பது சுரத்தானங்கள் எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மென்மை முதல் வன்மை வரை நான்கு நிலைகளில் வாசித்தல் வேண்டும். வில்லை நீள இழுத்தல், துண்டித்து வாசித்தல், விரலால் நரம்பைச் சுண்டுதல், வில்லை நடுக்குதல் என்பன போலப் பத்து வகைகள் உள. ஒரே பதிவு அடுத்தடுத்து ஒலிப்பின் இயந்திரத் துப்பாக்கி வெடிப்பது போற் செவிக்குப் படுமாதலால், ஒவ்வொன்றையும் மும்முறை வேறுவேறாகப் பதிவர். நாற்பதை நான்காலும், பத்தாலும், மூன்றாலும் பெருக்கினால் 4,800 பதிவுகளாகும். இது ஒரு பகுதிக்கு மாத்திரமே.

இத்தனை சேர்த்தும், சுரங்களை அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தபோது இசை பிறக்கவில்லை. உயிரற்ற ஒலிகளின் வரிசையே பிறந்தது. ஏனெனில், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரலும் வில்லும் பெயரும் அந்தக் கணத்திலேதான் இசை வாழ்கிறது. ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் 2000 ஆம் ஆண்டில், தாமே செலோக் கலைஞரான ஹேர்ப் துக்மாண்டல் என்பவர் தொடங்கிய களஞ்சியம் இவ்விடைவெளியில் கருத்தூன்றியது. சுரங்களோடு சுரப்பெயர்ச்சிகளும் தனியே பதியப்பட்டன. ஒவ்வொரு சுரத்திலிருந்தும் மேலே பன்னிரண்டும் கீழே பன்னிரண்டுமாகப் பெயர்ச்சிகளைக் கொண்டால், நாற்பது சுரத்துக்கு ஏறத்தாழ 960 இணைப்புகள், அதுவும் ஒரு வன்மை நிலைக்கு மாத்திரம், வேண்டியிருக்கும். மெட்டும் தாளமுமின்றி, ஒரே அளவான வன்மையோடு, நாற்காலியின் கிறீச்சொலியும் மூச்சொலியும் எழாதவாறு நாட்கணக்காக இவற்றை வாசிப்பது எத்துணைப் பொறுமையை வேண்டும் பணி என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

பதியும் இடத்தைப் பற்றியும் இரு கொள்கைகள் உள. வியன்னாவினர் எதிரொலி மிகக் குறைந்த அமைதியான மண்டபத்திற் பதிந்து, மண்டபத்தின் கார்வையைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். இலண்டனில் முன்பு தேவாலயமாயிருந்து ஒலிப்பதிவுக் கூடமாக்கப்பட்ட லிண்ட்ஹேர்ஸ்ற் மண்டபத்திற் பதிந்தோரோ, மண்டபத்தின் கார்வையும் வாத்தியத்தின் ஓர் அங்கமே என்றனர். பி.பி.சி. சிம்பொனி வாத்தியக் குழுவின் ஒலியும் 2019 ஆம் ஆண்டில் இவ்வாறு களஞ்சியமாக வெளிவந்தது.

சுரங்களுக்கு இடையிலே இசை வாழ்கிறது என்னும் உண்மையை நமது நேயர்கள் நன்கறிவர். பாலுசாமி தீட்சிதர் காலத்தில் கருநாடக சங்கீதத்துக்கு வந்த வயலின், இங்கே கமகத்தை வாசிப்பதாலேயே நமக்குரிய கருவியாயிற்று. ஒரே காந்தாரம் ஓர் இராகத்தில் அசைந்தும் மற்றோர் இராகத்தில் அசையாது நின்றும் ஒலிக்கும்; முன்னும் பின்னும் வரும் சுரங்களுக்கேற்ப அதன் அசைவும் வேறுபடும். தனிச்சுரங்களை அடிப்படையாகக் கொண்ட மேனாட்டுக் களஞ்சியம் இதனை ஏற்க இடர்ப்படுவது இயல்பே.

இனி, வாசிப்போரின் நிலை யாது? 1982 ஆம் ஆண்டில் பிரித்தானிய வாத்தியக் கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, மின்னிசைக் கருவிகளைத் தடை செய்தல் வேண்டுமெனத் தீர்மானித்தது. சங்கம் முழுவதும் அதனைக் கொள்கையாக ஏற்கவில்லையாயினும், அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. குறைந்த செலவிலாகும் திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் முன்னர் பலர் அமர்ந்து வாசித்த இடத்தை இன்று ஒரு கணினி நிரப்புகிறது. சில நாட்கள் வாசித்துக் கூலி பெற்ற கலைஞரின் ஒலி, அவர் அறியாத ஆயிரம் பாடல்களிற் பல்லாண்டு ஒலிக்கிறது. விற்பனையில் ஒரு பங்கை வாசித்தோருக்கு அளிக்கும் வழக்கத்தைச் சில நிறுவனங்கள் மேற்கொண்டிருப்பது இந்நியாயத்தை உணர்ந்தே. அதனை எல்லாரும் மேற்கொள்ளுதல் அறமாகும்.

மற்றொரு புறம், வாத்தியக் குழுவே இல்லாத ஊரிற் பிறந்த இளைஞன் ஒருவன், தான் எழுதியதைத் தன் வீட்டிலிருந்தே கேட்டுத் திருத்திக்கொள்ள இன்று வாய்ப்புண்டு. பெரிய திரைப்படங்களிலும் களஞ்சியத்தைக் கொண்டு முன்மாதிரி செய்து, நெறியாளர் இசைந்தபின் மெய்யான குழுவை வாசிக்கச் செய்யும் வழக்கம் நிலவுகிறது. அங்கே களஞ்சியம் கலைஞனுக்குப் பகையாவதில்லை. அவனை மேடைக்கு அழைத்து வரும் தூதாகிறது.

களஞ்சியம் எத்துணைப் பெரிதாயினும் அது விளைநிலமாகாது. இன்று சேர்த்த ஒலி யாவும், இளமை முதல் நாள்தோறும் வில்லெடுத்துப் பழகிய கைகளிலிருந்து வந்தவை. அக்கைகளுக்கு ஊதியமும் மதிப்பும் இல்லையாயின், அடுத்த தலைமுறையில் வில்லெடுப்பார் குறைவர். அப்போது களஞ்சியத்திற் சேர்ப்பதற்குப் புதிய நெல்லும் இராது. சேமித்த ஒலியைப் பயன்கொள்ளும் இசையமைப்பாளர், இயன்றபோதெல்லாம் உயிருள்ள கலைஞர் ஒருவரையேனும் அழைத்துத் தம் இசையில் வாசிக்கச் செய்வாராயின், களஞ்சியமும் நிறையும், நிலமும் தரிசாகாது.