நான்கு நங்கூரங்கள்

காரைக்காலிலிருந்து தெற்கே நாகூர் செல்லும் நெடுஞ்சாலையில் கீழவாஞ்சூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கும் தமிழ்நாட்டுக்கும் அதுவே எல்லை. கிழக்கே கடல். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில் இச்சாலை காவி நிறம் பெற்றுவிடும். சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் காவியுடை தரித்து வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் கால்நடையாகவே செல்லும் மக்கள் சாரி சாரியாக இவ்வூரைக் கடந்து போவார்கள். அங்கே ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழா.

மாணவ நேயர்களே, 2005ஆம் ஆண்டில் நானும் உங்களைப் போல் ஒரு மாணவன். கீழவாஞ்சூரில் என் அத்தை வீட்டு வாசலில் நின்று, நடந்து வருவோருக்கு நீர்மோர் கொடுக்கும் வேலை எனக்கு இடப்பட்டிருந்தது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான், 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை இக்கரையெங்கும் ஏறி வந்திருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். காரைக்கால் பகுதியில் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்களில் அழுகுரல் ஓயப் பல நாள் ஆயிற்று. வேளாங்கண்ணியில், கிறிஸ்துமசுக்கு மறுநாள் வந்து கடைவீதியிலும் கடற்கரை மணலிலும் நின்றிருந்த யாத்திரிகர் பலரை அலை கொண்டுபோயிற்று. கோயிலுக்குள் நீர் புகவில்லை என்று பலர் வியந்து பேசினார்கள். எனக்கு அந்த வியப்பு ஏற்கவில்லை. வெளியே நின்றவர்களும் அதே கோயிலுக்கு வந்தவர்கள்தாமே? உண்மையைச் சொன்னால், அந்த டிசம்பருக்குப் பிறகு நான் செபம் செய்வதையே நிறுத்தியிருந்தேன்.

மோர் வாங்கிக் குடித்தவர்களுள் ஓர் அம்மாள், தம் மகன் அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்துவிட்டான் என்று சொன்னார். இளமைத் துடுக்கில் நான் கேட்டுவிட்டேன்: "அப்படியிருந்தும் ஏம்மா நடக்கிறீங்க?"

அவர் கோபிக்கவில்லை. "உயிரோட வரணும்னுதான் தம்பி வேண்டிக்கிட்டேன். அது நடக்கலை. அதைக் கேக்கவும், கேட்டு அழவும் எனக்கு ஒரு இடம் வேணுமில்லே?" என்றார்.

அந்த விடையை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை. சில மாதங்கள் சென்று, அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின் 27ஆம் அதிகாரத்தை மீண்டும் படித்தபோதுதான் சற்றே விளங்கிற்று. கடற்கரையில் வாழ்கின்ற எவரும் படித்துச் சுவைக்கத்தக்க அதிகாரம் அது. கைதியாகிய பவுல் ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். கப்பலில் இருப்பவர்கள் 276 பேர். பல நாள்கள் கதிரவனும் இல்லை, விண்மீன்களும் இல்லை. காற்று ஒன்றே உண்டு. ஒருவர் உயிரும் போகாது, கப்பல் மட்டுமே போகும் என்று பவுலுக்கு இறைவன் வாக்களித்திருக்கிறான். அவர் அதை நம்புகிறார். நம்பியபின் என்ன நடக்கிறது? பதினான்காம் இரவில் மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம், சற்றுத் தொலைவு சென்றதும் 15 பாகம். கப்பல் பாறையில் மோதிவிடும் என்றஞ்சிப் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, விடியலுக்காக ஏங்கிக் காத்திருக்கிறார்கள். கடவுளே வாக்களித்த பிறகு நங்கூரம் எதற்கு என்று பவுல் கேட்கவில்லை. பொழுது புலர்கையில் பட்டினி கிடந்தவர்களை உண்ணச் சொல்கிறார். அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, தாமும் உண்கிறார். கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தோர் நீந்தியும், ஏனையோர் பலகைகளைப் பற்றியும் கரை சேர்கிறார்கள்.

இந்த அதிகாரம் தமிழ் அச்சில் முதன்முதல் வெளிவந்த இடமும் நம் கரையே. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில், 1714ஆம் ஆண்டில், சுவிசேஷங்களோடு சேர்த்து நடபடிகளும் அச்சாயின. மொழிபெயர்த்தவர் சீகன்பால்கு. 1708 அக்டோபரில் பணியைத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநர் அவரைச் சிறையிலிட்டார். சிறைவாசம் ஏறத்தாழ நான்கு மாதம். வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711 மார்ச்சில் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார். அவர் வாழ்ந்தது 36 ஆண்டுகளே. சிறையில் அவர் அஞ்சியிருப்பாரா? அஞ்சாதிருந்தால்தான் வியப்பு!

அச்சம் கொள்வதே விசுவாசக் குறைவு என்று நம்மிற் சிலர் பிள்ளைகளுக்குப் போதிக்கிறார்கள். எனக்கு இது உடன்பாடன்று. கெத்செமனே தோட்டத்தில் இயேசுபெருமானே கலங்கினார். அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்று மன்றாடினார். அது நீங்கவில்லை. பவுலுக்குக் கிடைத்ததைப் போன்ற வாக்கு நம்மில் பெரும்பாலோர்க்குக் கிடைப்பதில்லை. மோர் குடித்த அந்த அம்மாளுக்கும் கிடைக்கவில்லை. தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவனுக்கும், மருத்துவமனை வாசலில் அமர்ந்திருப்பவனுக்கும் கெத்செமனேதான் அண்மையில் இருக்கிறது. நினைப்பதை ஒளிக்காமல் கேட்கலாம், அழலாம், விடை வேறாயினும் கேட்ட இடத்தை விட்டுப் போகாமலும் இருக்கலாம்.

நங்கூரம் இறக்கும் கடமையும் உண்டு. 2004ஆம் ஆண்டு அன்று காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்திரா அருகே நிலம் அதிர்ந்தது. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமிருந்தும் எச்சரிக்க இந்துமாக்கடலில் ஓர் ஏற்பாடு அன்று இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. கடலடியில் அழுத்தமானி வைத்து, இரவு பகலாய் அதைக் கவனித்திருப்பவரின் வேலையை, மாலுமிகள் ஆழம் பார்த்த அந்த வேலையோடு சேர்த்தே நான் எண்ணுகிறேன். கோயிலில் முழந்தாளிடுவதற்கு அது பகையன்று.

அந்த அம்மாளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கடலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தார். கிழக்கிலிருந்து காற்று வீசியபோது முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். குவளையைக் கழுவி என்னிடம் தந்தார். பிறகு காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இறுக்கிக் கட்டியபடியே, "இருட்டறதுக்குள்ள நாகூர் போயிடலாமா தம்பி?" என்று கேட்டார்.

போய்விடலாம் என்றேன். எழுந்து நடந்தார்.